வயிற்றோடு வீடு வீடாக

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியைக் கடக்க என் ஸ்கூட்டிக்கு ஆறு நிமிடம் வேண்டும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். ஒரு பற்றை கிடையாது, ஒரு மதில் கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்த இடத்துக்கு வந்ததும் ஆட்கள் வேகத்தைக் குறைத்துக் காற்று வாங்குவார்கள். வெளியூர்க்காரர் இறங்கிப் படம் எடுப்பார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, கச்சான் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, அடிவயிற்றோடு பேரம் பேசிக்கொண்டு போவேன். இன்னும் நாலு நிமிடம். இன்னும் மூன்று. அக்கரைக்குப் போய்விட்டால் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரரின் மனைவி எனக்குத் தெரிந்தவள்.

நான் ஒரு குடும்ப நல மருத்துவமாது. வீடு தீவில், கீரி என்ற ஊரில். வேலை அக்கரையில், பாப்பாமோட்டைப் பக்கத்துக் கிராமங்களில். கர்ப்பிணிகளைப் பதிய வேண்டும், பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும், நிறை எடுக்க வேண்டும், தடுப்பூசிக்கு நினைவுபடுத்த வேண்டும். எல்லோரும் என்னை ‘மிஸ்’ என்பார்கள். மற்றப் பெண்களின் உடம்பைப் பற்றிக் கேட்டுத் திரிவதுதான் என் பிழைப்பு. பால் வடியுதோ, தையல் நோகுதோ, வெளிக்குப் போறது ஒழுங்கோ என்று ஒரு கூச்சமும் இல்லாமல் கேட்பேன். என் உடம்பைப் பற்றி ஒன்றரை வருடம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

முதலில் மலத்தோடு சளி போனது. பிறகு சளியோடு இரத்தம். மூல வருத்தமாக இருக்கும் என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஸ்கூட்டியில் இருந்து இருந்து வந்தது என்று காரணமும் கண்டுபிடித்தேன். மிளகாயைக் குறைத்தேன், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். அது ஒரு நாளைக்கு மூன்று தரம் என்றிருந்து எட்டுத் தரம் ஆனது. அடிவயிற்றில் ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு வரும். முறுக்கு வந்தால் எனக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம், சில நாட்களில் அதுவும் இல்லை.

அப்போது பழகிய பழக்கங்கள் இன்னும் என்னை விடவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளையைப் பார்க்கும் முன் என் கண் பின்வளவுக்குப் போகும். கக்கூசு எங்கே, கதவு பூட்டுமா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா. பூசைக்குப் போனால் தேவாலயத்தின் பக்கவாசலோடு நிற்பேன், பிரசங்கத்தில் பாதி எனக்குக் கேட்காது. கல்யாண வீட்டில் கதிரையின் நுனியில்தான் இருப்பேன். யாராவது கதை சொன்னால் முடிவு வரும் முன்பே தலையாட்டிவிட்டு எழும்பிவிடுவேன். “உனக்கு என்ன, காலில சில்லோ பூட்டியிருக்கு?” என்று மாமி கேட்பார். மாமி என் கணவரின் தாய், எங்களோடுதான் இருக்கிறார். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

கண்டுபிடித்தவர் என் கணவர். கீரிக் கரையில் வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துவது அவர் தொழில். ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். வாளியில் சிவந்திருந்த தண்ணீரைப் பார்த்தார்.

“மாதத்தில எத்தனை தரம் உனக்கு இது?” என்றார்.

“அது இல்லை இது,” என்றேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. குந்தியிருந்தபடியே சொன்னேன், எவ்வளவு காலமாக, எத்தனை தரம் என்று. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“எஞ்சினில ஒயில் கசிஞ்சா ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டன், தெரியுமோ உனக்கு?” என்றார். கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

மறுகிழமை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் உட்சுவர் நெடுகப் புண். டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். ஒரு கடதாசியில் குடலைக் கீறிக் காட்டினார்.

“இது தொத்து வருத்தமில்லை மிஸ். நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒண்டால வந்ததுமில்லை. உங்கட உடம்பே உங்கட குடலோட சண்டை பிடிக்குது.”

“மாறுமோ டொக்டர்?”

“மாறாது. ஆனா அடங்கும். அடக்கி வச்சிருக்கலாம். குளிசையைக் கைவிடாம இருந்தா நீங்கள் வேலை செய்யலாம், எங்கயும் போகலாம், நல்லா இருக்கலாம்.”

‘மாறாது’ என்ற சொல் மட்டும் எனக்குள் விழுந்தது. மற்றதெல்லாம் வெளியே நின்றுவிட்டது.

ஆனாலும் குளிசை வேலை செய்தது. ஆறு மாதத்தில் இரத்தம் நின்றது. உறைப்பில்லாத கறி, சோறு, மீன் அவியல், வாழைப்பழம் என்று என் சாப்பாடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. பத்து வயது மகள் என் தட்டைப் பார்த்து “அம்மாட சாப்பாடு ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்பாள். தவக்காலம் வந்தது. மாமி நாற்பது நாளும் எனக்காக ஒருசந்தி இருந்து, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, செபமாலை சொன்னார். பெரிய கிழமைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, நான் குளிசைப் பெட்டியை எடுக்கும்போது கையைப் பிடித்தார்.

“மாதா சுகமாக்கிப்போட்டா பிள்ளை. இன்னும் என்னத்துக்கு இந்த மருந்து? நம்பிக்கை இல்லாத மாதிரியெல்லோ இருக்கு?”

மாமியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது என் மனதுக்குள் ஏற்கெனவே இருந்த ஆசை. ஒவ்வொரு காலையும் அந்தக் குளிசைகளைப் பார்க்கும்போது ‘மாறாது, மாறாது’ என்று அவை சொல்வதுபோல இருந்தது. குளிசை இல்லாத ஒரு பெண்ணாக எழும்பிக் கோப்பி குடிக்க வேண்டும் என்று இருந்தது. பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு தாய் இரும்புக் குளிசையை நிறுத்திவிட்டதாகச் சொன்னால் அரை மணித்தியாலம் புத்தி சொல்லுகிற ஆள் நான்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் நான் பறந்தேன். ஒரே நாளில் ஒன்பது வீடு போனேன். பிறகு நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள், பாப்பாமோட்டையில், வயல் கரையோரம் இருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். முதல் பிள்ளை பிறந்து பத்து நாள். தாய்க்கு இருபத்திரண்டு வயது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான், அவளுடைய தாய் கடைக்குப் போயிருந்தா. பிள்ளையைத் தராசில் வைத்து நிறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முறுக்கு வந்தது. பழைய முறுக்கு. முன்னறிவித்தல் இல்லாமல், முழுப் பலத்தோடு.

“தங்கச்சி, கக்கூசு எங்க?”

“பின்னால மிஸ். ஆனா குழி இடிஞ்சு போச்சு, மழை வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கட்டேல்ல. பக்கத்து வீட்டுக்குத்தான் போறனாங்கள்.”

பக்கத்து வீடு வயலுக்கு அந்தப் பக்கம். நான் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். ஓடினால் முடியாது என்று தெரியும். முற்றத்தைத் தாண்டவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்துவிட்டது. சீருடை, கால், செருப்பு. இரத்தமும் சேர்ந்து.

வெயில் பளீரென்று எரிந்தது. ஒரு கோழி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவள் நிற்பாள். இந்த ஊரில் இனி எந்த வீட்டு வாசலில் நான் ‘மிஸ்’ என்று நிற்பது? ஸ்கூட்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணக்குப் பார்த்தேன். எப்படி ஏறி இருப்பது என்று யோசித்தேன். அப்படியே இடமாற்றம் கேட்கும் கடிதத்தையும் மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன், தீவுக்குள்ளே கந்தோரில் மேசை வேலை ஒன்று தரும்படி.

“மிஸ், அசையாதேங்கோ. நில்லுங்கோ.”

பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வந்திருந்தாள். பத்து நாளான பச்சை உடம்புக்காரி கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனாள். “நீ அள்ளாத, தூக்காத,” என்று கத்தினேன். அந்த நிலையிலும் வேலை என்னை விடவில்லை. அவள் பாதி வாளி, பாதி வாளியாகக் கொண்டுவந்தாள். கிடுகு மறைப்புக்குப் பின்னால் என்னை நிறுத்தி, சவர்க்காரம் தந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கழற்றிப் போட்டதை எடுத்து நனைய வைத்தாள். பிறகு தன்னுடைய கர்ப்பகாலச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள், பெரிய பெரிய பூப்போட்டது.

நான் அழுதேன். “என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை,” என்றேன்.

“என்னத்துக்கு மிஸ்? பத்து நாளைக்கு முதல் ஆஸ்பத்திரிக் கட்டிலில என்னை எத்தினை பேர் எப்படியெல்லாம் பார்த்தவை. வெக்கத்தை அங்கயே விட்டிட்டு வந்திட்டன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கிடுகு ஓலையின் நுனியைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். “முழு வெக்கத்தையும் விடேல்லத்தான். எனக்கும் ஒண்டு இருக்கு மிஸ். போன கிழமை நீங்கள் கேட்டபோது இல்லை எண்டு சொன்னனான்.”

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவளால் காற்றையோ மலத்தையோ அடக்க முடியவில்லை. படுக்கும் பாயில் பழஞ்சீலையை மடித்து விரித்துத்தான் படுக்கிறாள். தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. புருஷன் பக்கத்தில் வந்தால் பிள்ளையைச் சாட்டி எழும்பிவிடுகிறாளாம்.

என் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே, ‘வேறு சிக்கல்கள் இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. முதல் பார்வைக்குப் போனபோது “ஏதும் கஷ்டம் இருக்கோ பிள்ளை?” என்று கேட்டிருந்தேன். கேட்கும்போதே என் கண் பின்வளவைத் தேடியிருக்கும். அவள் இல்லை என்றதும் எழுதிவிட்டு எழும்பியிருப்பேன்.

அன்றைக்கே எங்கள் பகுதி டொக்டருக்குக் கோல் எடுத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒழுங்கு செய்தேன். தையலுக்குள் ஒரு கிழிவு சரியாகப் பொருந்தாமல் இருந்தது என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களின் பின் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள்.

நான் பூப்போட்ட சட்டையோடு வீட்டுக்குப் போனேன். மாமி வாசலில் நின்று பார்த்தார். நான் அலுமாரியைத் திறந்து குளிசைப் பெட்டியை எடுத்தபோது, அவரே தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

“மாதா கோவிக்க மாட்டாவோ?” என்றேன், குரலில் கொஞ்சம் நஞ்சோடு.

“மாதா பிள்ளை பெத்தவ,” என்றார். “அவவுக்கு விளங்கும்.”

யாழ்ப்பாணத்து டொக்டர் திட்டவில்லை. “ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்று மட்டும் கேட்டார்.

“சுகமாயிட்டுது எண்டு நினைச்சன்.”

“குளிசையாலதான் மிஸ் சுகம் இருந்தது.”

வேறு மருந்தும் தந்தார், புண்ணை உடனே அடக்குவதற்கு. அது வயிற்றை அடக்கியது, என்னை அடக்கவில்லை. அந்த மருந்தால் முகம் வீங்கி வட்டமாகியது. “அம்மா, உங்கட முகம் இடியப்பத் தட்டு மாதிரி,” என்றாள் மகள். பசி, பசி. விரல்கள் நடுங்கும். ஓரிடத்தில் இருக்க முடியாது. மருத்துவ விடுப்பில் வீட்டில் நின்ற அந்த நாட்களில் அலுமாரியை மூன்று தரம் அடுக்கிக் குலைத்து அடுக்கினேன். கணவரின் எஞ்சின் ஆணிகளை அளவு பார்த்துத் தகரப் பேணிகளில் பிரித்து வைத்தேன். அவரால் பிறகு ஒன்றையும் தேடி எடுக்க முடியவில்லை. கடற்கரையில் வலை காய்கிற இடம் வரை போவேன், வருவேன், திரும்பவும் போவேன்.

ஒரு காலை கணவர் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். “ஏறு.”

“எங்க?”

“நீ வேலைக்குப் போற பாதையைப் பார்க்க. ஒரு இடமும் விடாம.”

அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கக்கூசு தேடித் திரிந்தோம். இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியாது. கடைகள், ஒரு பாடசாலை, ஒரு பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு, கோயில் கட்டும் மேசன்மாரின் கொட்டில். அவர் இறங்கிப் போய்க் கேட்பார், “என்ர மனிசிக்கு வயித்தில ஒரு வருத்தம், அவசரத்துக்கு வந்தா விடுவீங்களோ?” நான் கூனிக் குறுகி நிற்பேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும், நாங்கள் வீடு வாடகைக்குக் கேட்கிறோம் என்று பிழையாக விளங்கிக்கொண்டு, யாருக்கும் விடுவதில்லை என்றார்.

திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலில் யாத்திரிகர்களுக்கான மலசலகூடங்களைக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் இருந்தா. ஐம்பது வயதிருக்கும். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தா.

“நீங்கள் வேதமோ?”

“ஓம் அக்கா.” கிறிஸ்தவள் என்று திருப்பி அனுப்பப் போகிறா என்று நினைத்தேன்.

“வயித்துக்கு என்ன வேதம்,” என்றா. “கடைசிக் கதவு எப்பவும் கழுவித்தான் கிடக்கும். கேக்காமலே வாங்கோ.”

கணவர் ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே ஒரு தட்டுப் போட்டுத் தந்தார். அதற்குள் மாற்றுச் சீருடை, சவர்க்காரம், ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு பை. நான் திரும்ப வேலைக்குப் போனேன்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது. கிராமத்து மண்டபத்தில் முப்பது பெண்கள் இருப்பார்கள், வயிற்றோடும் கைக்குழந்தைகளோடும். வழக்கம்போல நான் முன்னால் நின்று பேச வேண்டும். சாப்பாடு, ஓய்வு, ஆபத்தான அறிகுறிகள். எல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று மனப்பாடம் வரவில்லை. என் வட்ட முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் திரும்பப் பிள்ளைத்தாய்ச்சியோ என்று ஊரில் கதை இருந்தது.

“நான் பிள்ளைத்தாய்ச்சி இல்லை,” என்றேன். “எனக்குக் குடலில புண். ரத்தம் போறது. சில நேரம் அடக்க ஏலாது. வழியில, ஒரு வீட்டு முத்தத்தில, எனக்கு உடுப்போட போயிருக்கு. ஒண்டரை வருசம் ஒளிச்சனான். ஒளிச்சதால கூடினதுதான் மிச்சம். இப்ப மருந்து குடிக்கிறன். இனியும் குடிப்பன். உங்கட வீடுகளுக்கு வந்தா நான் முதல்ல கக்கூசு எங்க எண்டு கேப்பன். கோவிக்காதேங்கோ.”

ஒரு குழந்தை அழுதது. பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. ஏன் சொன்னேன் என்று இருந்தது. தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினேன்.

கிளினிக் முடிந்து மண்டபம் வெறுமையானபோது நாலு பேர் போகாமல் நின்றார்கள். தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி. ஒருத்திக்கு இருமினால் மூத்திரம் கசிகிறது, ஐந்து வருடமாக. ஒருத்திக்குக் கருப்பை கீழே இறங்கித் தட்டுப்படுகிறது, அதை ஒரு துணியால் கட்டிக்கொண்டு வயலில் நாற்று நடுகிறாள். ஒருத்திக்கு மாதவிடாய் நாட்களில் வலி தாங்காமல் மயக்கம் வருகிறது, கல்யாணம் கட்டினால் மாறும் என்றார்களாம், கட்டியும் மாறவில்லை. நாலாவது பெண் சிரித்தவள்தான். “மிஸ், எனக்கும் ரத்தம் போகுது,” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே மூலந்தான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் அதற்குச் சிரித்தோம்.

அதிலிருந்து நான் கேட்கும் விதம் மாறிவிட்டது. கதிரையில் சாய்ந்து இருக்கிறேன், அல்லது இருக்க முயல்கிறேன். என்னுடையதை முதலில் சொல்கிறேன். பிறகு கேட்கிறேன். ‘இல்லை’ என்று சொன்னாலும் உடனே எழுதுவதில்லை. பதிவேட்டை மடியில் மூடி வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் கஷ்டம். கால் தானாக ஆடும்.

போன மாதம் டொக்டரிடம் காட்ட யாழ்ப்பாணம் போனேன், நான் மட்டும், பஸ்ஸில். வருத்தம் வந்தபிறகு பஸ்ஸில் போனது அதுதான் முதல் தரம். பூநகரியைத் தாண்ட முன்பு வயிறு கூப்பிட்டது. முன்னாலே போய்க் கொண்டக்டரிடம், “தம்பி, எனக்கு வருத்தம், ஒரு ஐஞ்சு நிமிசம் நிப்பாட்டோணும்,” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சாரதியைப் பார்த்தார், ஒரு தேநீர்க்கடை வாசலில் மணியை இழுத்தார். நான் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது பஸ் எனக்காக அங்கேயே நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், “எங்களுக்கும் வேலை இருக்கு அம்மா.”

“ஓம் ஐயா, குறை நினைக்காதேங்கோ. எனக்குக் குடல் வருத்தம்,” என்றேன். பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த இருக்கைப் பெண் தன் பையிலிருந்து ஒரு இனிப்பு எடுத்துத் தந்தாள். எனக்கு ஆகுமோ ஆகாதோ என்று யோசித்துக்கொண்டே வாயில் போட்டேன்.

முன்னமே திரும்பவும் கமரா விட்டு எடுத்திருந்த புதிய படங்களை டொக்டர் பார்த்தார். புண் பெரும்பாலும் ஆறியிருக்கிறது, கடைசி விரலளவில் மட்டும் சிவப்பு மிச்சம் என்றார். “நல்ல செய்திதானே, ஏன் எழும்பி நிக்கிறீங்கள்? இருங்கோ மிஸ்.”

எழும்பி நின்றது எனக்கே தெரியவில்லை. இருந்தேன். அடுத்த மூன்று மாதத்துக்கு மருந்து எழுதினார். வெளியே வந்து மகளுக்கு முந்திரிகைப் பழமும் மாமிக்கு ஒரு சோடிச் செருப்பும் வாங்கினேன். பின்னேர பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நிலையத்தில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. நான் இருக்கவில்லை. செருப்புப் பையை ஒரு கையிலும் பழப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். நாளைக்கு நிறுக்க மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.